மூத்திரம் நிற்காத சிறுவனுக்கு வழி தேடிய டாக்டர்

லண்டனைச் சுத்தம் செய்த ஜான் சைமன் வரலாறு

1851-ம் ஆண்டு. லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில், தேம்ஸ் நதியின் தென்கரையில், செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரி இருந்தது. மிகவும் பழைய ஆஸ்பத்திரி. அங்கே 13 வயதுச் சிறுவன் ஒருவனை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்தார்கள்.

அவனுக்கு இருந்தது பிறவிக் குறை. தாயின் வயிற்றில் இருந்தபோதே அவனுடைய அடிவயிற்றின் முன்பக்கம் கூடவில்லை. மூத்திரப் பையின் முன்சுவரும் உண்டாகவில்லை. பை என்றால் மூடியிருக்க வேண்டும் அல்லவா? அவனுடைய பை, பிளந்து வைத்த பழம் போல வெளியே தெரிந்தது. கிட்னி என்று சொல்கிறோமே, அந்தச் சிறுநீரகங்களில் இருந்து இறங்கி வரும் சிறுநீர், தங்க இடம் இல்லாமல், சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டே இருந்தது. இரவு என்றும் இல்லை, பகல் என்றும் இல்லை.

இப்படிப் பிறக்கும் குழந்தைகள் மிக அபூர்வம். பல பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்று. ஆனால் பிறந்துவிட்ட குழந்தையின் பாடு பெரும்பாடு. துணி எப்போதும் நனைந்திருக்கும். தொடை வெந்து புண்ணாகும். பக்கத்தில் போனால் வாடை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, விளையாட்டுத் தோழனும் இல்லை. நல்ல வைத்தியமும் இல்லை.

ஆனாலும், அன்று கத்தியைக் கையில் எடுத்த டாக்டர் ஒரு புது யோசனை வைத்திருந்தார். அவருக்கு வயது 34. பெயர் ஜான் சைமன்.

இவர் வேறு, அவர் வேறு

சைமன் என்றதும் நமக்குச் சைமன் கமிஷன்தான் ஞாபகத்துக்கு வரும். 1928-ம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, போகும் இடமெல்லாம் கறுப்புக் கொடியைப் பார்த்தவர் சர் ஜான் சைமன். அவர் வக்கீல், அரசியல்வாதி. நாம் சொல்லும் சைமனும் பிற்காலத்தில் சர் பட்டம் பெற்றவர்தான். பெயரும் அதே பெயர்தான். ஆனால் இவர் டாக்டர். அந்தக் கமிஷன் இந்தியாவில் கால் வைப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே காலமானவர்.

டாக்டர் சைமன் 1816-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் பங்குச் சந்தையில் பெரிய புள்ளி. தகப்பன் வழிப் பாட்டனார், தாய் வழிப் பாட்டனார் இருவருமே பிரான்சில் இருந்து குடியேறியவர்கள். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. பையன் கிரீனிச்சில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் படித்தான். பிறகு ஜெர்மனிக்குப் போய், ஒரு பாதிரியார் வீட்டில் பத்து மாதம் தங்கி ஜெர்மன் பாஷை கற்றுக்கொண்டான்.

17 வயது நிறையச் சில நாட்கள் இருக்கும்போது வைத்தியப் படிப்பில் சேர்ந்தான். அந்தக் காலத்தில் சர்ஜன் ஆக வேண்டும் என்றால், பெரிய சர்ஜன் ஒருவரிடம் சீடனாகச் சேர்ந்து, கூடவே இருந்து தொழில் பழக வேண்டும். சைமனுக்குக் கிடைத்த குரு ஜோசப் ஹென்றி கிரீன். கை தேர்ந்த சர்ஜன். தத்துவமும் கவிதையும் அறிந்தவர். குருவைப் போலவே சீடனுக்கும் கத்தி ஒரு கண் என்றால் புத்தகம் மறு கண். இரவெல்லாம் படிப்பார்.

கழுத்துக்குக் கீழே, மார்பெலும்புக்குப் பின்னால், தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதைப் பற்றி 1844-ம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே ராயல் சொசைட்டியில் உறுப்பினர் பதவி! விஞ்ஞானிகள் தவம் கிடந்து பெறும் அந்தக் கவுரவம், 30 வயது ஆவதற்குள் அவரைத் தேடி வந்தது. 1848-ல் ஜேன் ஒமேரா என்ற பெண்மணியை மணந்தார்.

அதே ஆண்டில் இன்னொரு பெரிய பொறுப்பும் அவர் தலையில் ஏறியது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சிறுவனைப் பார்த்துவிடுவோம்.

சுருக்குப் பை

நம் பாட்டிமார் இடுப்பில் சொருகி வைத்திருப்பார்களே, சுருக்குப் பை! மூத்திரப் பையும் ஏறக்குறைய அப்படித்தான். சிறுநீர் வந்து சேர ஒரு பை. வாயில் இறுக்கிப் பிடிக்க ஒரு தசை. நாம் நினைத்தால் அது தளரும். நினைக்காவிட்டால் மூடியே இருக்கும். நல்ல சரீரம் உள்ளவர்கள் இதை ஒரு அதிசயமாகவே நினைப்பதில்லை.

அந்தச் சிறுவனுக்குப் பையும் சரியில்லை, சுருக்கும் இல்லை. இரண்டையும் புதிதாகச் செய்ய அன்று யாராலும் முடியாது. சைமன் யோசித்தார். உடம்பில் இன்னொரு சுருக்குப் பை இருக்கிறதே! மலக்குடல் ஒரு பை. ஆசன வாயில் இறுக்கமான தசை இருக்கிறது. அது மலத்தை அடக்கி வைக்கிறது. சிறுநீரையும் அதிலேயே கொண்டுபோய் விட்டால் என்ன? சிறுவன் நினைத்த நேரத்தில் போய் உட்கார்ந்து இரண்டையும் கழிக்கலாம். துணி நனையாது.

இல்லாத வாசலைப் புதிதாகக் கட்டுவானேன், இருக்கிற வாசலையே பயன்படுத்திக்கொண்டால் போயிற்று! யோசனை இவ்வளவுதான். இன்று கேட்கும்போது எளிதாக இருக்கிறது. அன்று யாரும் செய்யாத காரியம்.

வயிற்றைத் திறந்து செய்ய அவர் துணியவில்லை. அது சரியான முடிவுதான். மயக்க மருந்து இங்கிலாந்துக்கு வந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆபரேஷன் செய்யும்போது கிருமி அண்டாமல் காக்கும் முறையை லிஸ்டர் என்ற சர்ஜன் உலகத்துக்குச் சொன்னது 1867-ல்தான். வயிற்றைத் திறந்தால் சீழ் பிடித்துச் சாவு என்ற காலம் அது. ஆகவே சைமன் நூல் கோத்த ஊசியைச் சிறுநீர்க் குழாயின் வழியாக மலக்குடலுக்குள் குத்தி வெளியே எடுத்தார். நூல் அங்கேயே இருக்க வேண்டும். நாளடைவில் அது அறுத்து அறுத்து, குழாய்க்கும் குடலுக்கும் நடுவே ஒரு துளை உண்டாகும். காது குத்தி நூல் போட்டு வைக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி.

துளை விழுந்தது. சிறுநீர் மலக்குடலுக்கு வந்தது. சிறுவன் அதை அடக்கவும் செய்தான்!

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு ஆண்டில் சிறுவன் இறந்துபோனான்.

மேலே ஏறிய விஷம்

ஏன் இறந்தான்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வந்த நூறு ஆண்டு ஆராய்ச்சியும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

சிறுநீரகத்தில் இருந்து கீழே இறங்கும் குழாய், மூத்திரப் பைக்குள் நேராகப் போய் விழுவதில்லை. பையின் சுவருக்குள் சாய்வாகப் புகுந்து, கொஞ்ச தூரம் சுவரிலேயே ஓடி, பிறகுதான் உள்ளே திறக்கிறது. பை நிரம்பும்போது சுவர் அழுந்தும். குழாயின் வாயும் சேர்ந்து அழுந்தி மூடிக்கொள்ளும். கீழே வந்த நீர் திரும்ப மேலே ஏறாது. கடவுள் வைத்த கதவு என்று சொல்லுங்கள், இயற்கை வைத்த கதவு என்று சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு.

சைமன் போட்ட துளையில் அந்தக் கதவு இல்லை. மலக்குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் உண்டு. குடல் அழுந்தும்போதெல்லாம் அவை அந்தத் துளை வழியாகச் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். வழியெல்லாம் புண்ணாகும். இந்த மாதிரி ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்குப் பிற்காலத்திலும் இதுதான் நேர்ந்தது.

வேறு டாக்டராக இருந்தால் கதையை அதோடு மூடியிருப்பார். சைமன் மூடவில்லை. 1852-ம் ஆண்டில் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதினார். என்ன செய்தார், எப்படிச் செய்தார், சிறுவன் எப்படி இறந்தான், உடலைத் திறந்து பார்த்தபோது என்ன தெரிந்தது, அத்தனையும். வெற்றி கொஞ்ச நாளைக்குத்தான், பின்பு மரணம் என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார். அந்தக் கட்டுரையால்தான், சிறுநீரை வேறு வழியில் திருப்பிவிட்ட முதல் சர்ஜன் என்று இன்றும் வைத்தியப் புத்தகங்கள் அவர் பெயரைச் சொல்லுகின்றன.

ஊரே ஒரு நோயாளி

1848-ம் ஆண்டில் தலையில் ஏறிய பொறுப்பு என்றேனே, அது லண்டன் சிட்டியின் சுகாதார அதிகாரி வேலை. சிட்டி என்பது லண்டனின் நடு மையம். ஒரு சதுர மைல் இடம். அதற்குள் ஒன்றேகால் லட்சம் ஜனங்கள். வீட்டுக்கு வீடு மலக்குழி. பல வீடுகளில் தரைக்கு அடியிலேயே குழி. குழி நிரம்பி வழிந்து, பக்கத்துக் கிணற்றில் கலக்கும். நிலவறையில் ஆடு மாடு அறுப்பார்கள். சாக்கடை எல்லாம் தேம்ஸ் நதிக்குப் போகும். தேம்ஸ் தண்ணீரைக் குழாய்க் கம்பெனிகள் எடுத்துக் குடிக்கக் கொடுக்கும்!

காலரா வந்தது. 1848, 1849-ம் ஆண்டுகளில் லண்டனில் சுமார் 14 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

சைமன் தெருத்தெருவாகச் சாவுக் கணக்கு எடுத்தார். எந்தத் தெருவில் எத்தனை பேர், என்ன நோய், அங்கே தண்ணீர் எப்படி, சாக்கடை எப்படி என்று வாரா வாரம் எழுதினார். ஆண்டுதோறும் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கைகளைப் பத்திரிகைகள் வெளியிட்டன. வீட்டுச் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மலக்குழிகளை மூடி, வீட்டுக் கழிவைப் பாதாளச் சாக்கடையில் சேர்க்கும் வேலை நடந்தது. அதாவது, ஆஸ்பத்திரியில் ஒரு சிறுவனுக்கு வழி தேடிய அதே ஆண்டுகளில், வெளியே ஒரு நகரத்துக்கும் அவர் வழி தேடிக்கொண்டிருந்தார். கழிவு கீழே போக வேண்டும்; திரும்ப ஏறக்கூடாது; குடிக்கும் தண்ணீரோடு கலக்கக்கூடாது. இரண்டு இடத்திலும் இதுதான் பிரச்சினை.

1855-ல் மத்திய சர்க்காரின் சுகாதார இலாகாவுக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு அவர் வெளியிட்ட ஒரு கணக்கு மிகவும் பிரசித்தம். தென் லண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. முதல் காலராவின்போது இரண்டு கம்பெனியின் தண்ணீரும் அசுத்தம். 10 ஆயிரம் பேருக்கு ஒரு கம்பெனியின் வீடுகளில் 125 பேரும், மற்றக் கம்பெனியின் வீடுகளில் 118 பேரும் இறந்தார்கள். பிறகு லாம்பத் கம்பெனி நதியின் மேல்பக்கம் போய், சாக்கடை கலக்காத இடத்தில் தண்ணீர் எடுத்தது. 1854-ல் மறுபடியும் காலரா. இந்தத் தடவை லாம்பத் தண்ணீர் குடித்தவர்களில் 10 ஆயிரத்துக்கு 37 பேர். பழைய இடத்திலேயே எடுத்த மற்றக் கம்பெனியின் தண்ணீரைக் குடித்தவர்களில் 130 பேர்!

தண்ணீரில்தான் காலரா பரவுகிறது என்று ஜான் ஸ்நோ என்ற டாக்டர் இதற்கு முன்பே சொல்லியிருந்தார். சைமன் அதை உடனே முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்ற பழைய எண்ணம் அவரையும் வெகு நாள் விடவில்லை. பெரிய மனிதர்களிடமும் இப்படி ஒரு பிடிவாதம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று: தம்முடைய எண்ணத்துக்காக அவர் கணக்கை மாற்றி எழுதவில்லை.

20 ஆண்டுகளுக்கு மேல் சர்க்கார் உத்தியோகம். அம்மை குத்துவதை ஒழுங்குபடுத்தினார். 1866-ம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்துக்கு முன்நின்றார். கடைசியில் மேலதிகாரிகளோடு ஒத்துப் போகவில்லை. டாக்டர் சொல்வதைக் குமாஸ்தா ஏற்பாட்டுக்குக் கீழே தள்ளினார்கள். 1876-ல் வேலையை விட்டார். 1887-ல் சர் பட்டம் வந்தது. காந்தியடிகளின் மனத்தை மாற்றிய புத்தகத்தை எழுதிய ரஸ்கின், அவருக்கு நெருங்கிய நண்பர். பிள்ளைகள் இல்லை. மனைவி 1901-ல் போனார். 1904-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி, கென்சிங்டனில் இருந்த தம் வீட்டில், 87-வது வயதில் சைமன் காலமானார்.

கதவு கிடைத்தது

சைமன் தொட்ட காரியம் அவரோடு முடியவில்லை. அவர் முயன்றது பிறவிக் குறைக்கு. பின்னால் வந்தவர்களுக்கு இன்னொரு அவசரம் இருந்தது. புற்றுநோய்! மூத்திரப் பையில் ஆழமாகப் புற்று வந்தால் பையையே எடுக்க வேண்டும். 1887-ல் ஜெர்மனியில் கொலோன் நகரில் பார்டன்ஹோயர் என்ற சர்ஜன் முதன்முதலாக முழுப் பையையும் எடுத்தார். இரண்டு வாரத்தில் நோயாளி இறந்தார். பையை எடுக்கலாம், எடுத்த பிறகு சிறுநீர் எங்கே போவது?

1911-ல் அமெரிக்காவில் காஃபி என்ற டாக்டர் நாய்களிடம் செய்து பார்த்த சோதனைகளை வெளியிட்டார். குழாயைக் குடலில் நேராக இணைக்கவில்லை. குடலின் உட்தோலுக்கு அடியில் கொஞ்ச தூரம் சாய்வாக ஓடவிட்டு இணைத்தார். குடல் அழுந்தும்போது குழாயும் மூடிக்கொண்டது. சைமனுக்குக் கிடைக்காமல் போன கதவு இதுதான். அடுத்த ஆண்டே சார்லஸ் மேயோ என்ற புகழ்பெற்ற சர்ஜன், மனிதர்களுக்கு அந்த முறையில் ஆபரேஷன் செய்தார்.

அப்படியும் தொல்லை தீரவில்லை. சிறுநீர் வெகு நேரம் மலக்குடலில் நின்றால், உடம்பு வேண்டாம் என்று தள்ளிய உப்பையும் அமிலத்தையும் குடல் மறுபடியும் உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தம் புளித்துப் போகிறது. எலும்பு தேய்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இணைப்பிலேயே புற்று வந்தவர்களும் உண்டு.

1950-ல் செயிண்ட் லூயிஸ் நகரத்து டாக்டர் பிரிக்கர் வேறு வழி சொன்னார். அடக்குவது என்ற ஆசையையே விட்டுவிட்டார். சிறுகுடலில் ஒரு சாண் அளவு வெட்டி எடுத்து, அதில் இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் சேர்த்து, மறுமுனையை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே விட்டார். அதன் மேல் ஒட்டிய பையில் சிறுநீர் விழும். உயிருக்கு ஆபத்துக் குறைவு. ஆபரேஷனும் எளிது. இன்றுவரை உலகத்தில் மிக அதிகமாகச் செய்யப்படுவது இதுதான். ஆனால் பையைச் சுமக்க வேண்டும். பை ஒழுகினால் அவமானம். இளம் வயதுக்காரருக்கு அது எவ்வளவு பெரிய மனக்கஷ்டம் என்பதை அனுபவித்தவர்தான் அறிவார்.

பையை உள்ளேயே வைத்தால் என்ன என்று கேட்டவர் சுவீடன் நாட்டின் நில்ஸ் காக். அவர் பிடித்த நுணுக்கம் இது. குடல் என்பது குழாய். அலை அலையாகச் சுருங்கி, உள்ளே இருப்பதைத் தள்ளுவது அதன் வேலை. குழாயாகவே வைத்தால் சிறுநீரையும் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒழுகும். அதையே நீளவாட்டில் பிளந்து, பாயைப் போல விரித்து, மடித்து, உருண்டையாகத் தைத்தால்? சுருங்கும் பலம் ஒரு பக்கமாகச் சேராது. அழுத்தம் குறையும். நிறையக் கொள்ளும். வயிற்றில் ஒரு சிறு துளைக்குக் கீழே, கசியாத மடிப்பு வைத்து இந்தப் பையைப் பொருத்தினார். நோயாளி நாலைந்து மணிக்கு ஒரு தரம் மெல்லிய ரப்பர்க் குழாயை நுழைத்து வடித்துவிடுவார். வெளியே பை வேண்டாம். 1980-ல் பிரான்சில் மித்ரோபனாப் என்ற டாக்டர், குடல்வாலையே அந்தத் துளைக்கு வழியாக வைத்துக் காட்டினார். ஒன்றுக்கும் உதவாதது என்று நாம் வெட்டி எறியும் குடல்வால்!

புதுப் பை

இன்னும் ஒரு படி மேலே போய், செய்த பையைப் பழைய இடத்திலேயே வைத்தவர்கள் உண்டு. பாரிஸ் பக்கத்தில் காமே என்ற டாக்டர் 1958-ல் தொடங்கினார். அவர் குடலைப் பிளக்கவில்லை. ஆகவே இரவில் ஒழுகியது. காக் காட்டிய பிளக்கும் முறையைச் சேர்த்துக்கொண்ட பிறகு காரியம் சித்தித்தது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து டாக்டர் ஸ்டூடர் 1985-ல் தொடங்கிய முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது.

சிறுகுடலில் சுமார் 55 சென்டிமீட்டர் எடுக்கிறார்கள். மிச்சக் குடலை முன்போல இணைத்துவிடுகிறார்கள். எடுத்ததை உருண்டைப் பையாகத் தைத்து, மேலே சிறுநீர்க் குழாய்களையும், கீழே சிறுநீர் வெளியேறும் இயற்கையான வழியையும் இணைக்கிறார்கள். அந்த வழியைச் சுற்றியிருக்கும் சுருக்குத் தசையைச் சேதம் செய்யாமல் காப்பாற்றினால், அதுவே புதுப் பைக்கும் காவல்.

எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், வெளி வழியில் புற்று இருப்பவர்களுக்கும் ஆகாது. அவர்களுக்குப் பிரிக்கர் முறைதான் நல்லது. குழாய் போட்டு வடிக்கக் கை நடுங்காது என்பவர்களுக்குக் காக் வழியும் உண்டு. எது ஏற்றது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்க வெட்கப்படக் கூடாது.

புதுப் பை வைத்துக்கொண்டவர் குழந்தையைப் போல எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டும். பை நிரம்பினால் முன்போல முட்டுகிற உணர்ச்சி வராது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும். முதலில் இரண்டு மணிக்கு ஒரு தரம். பிறகு மூன்று, நான்கு மணிக்கு ஒரு தரம். கீழ்த் தசையைத் தளர்த்தி, வயிற்றை மெதுவாக முக்க வேண்டும். சில மாதங்களில் பை அரை லிட்டர் வரை கொள்ளப் பழகிவிடும். பகலில் பெரும்பாலோருக்கு ஒழுகுவதில்லை. சிலருக்கு, முக்கியமாகப் பெண்களில் சிலருக்கு, முழுவதும் இறங்காமல் குழாய் போட வேண்டி வரும். இரவில்தான் கஷ்டம். தூங்கும்போது தசை தளர்ந்துவிடும். அதற்காகத் தலைமாட்டில் அலாரம் வைத்துக்கொண்டு, நடுநிசியில் ஒரு தரம் எழுந்து போய் வந்து, மறுபடி படுத்துக்கொள்கிறார்கள்.